அழுததா என்று கேட்கும் கட்டம்

பஞ்சக்காவின் கையைப் பற்றி அந்த ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். ரத்தம் எடுத்து முடித்துப் பஞ்சை ஒட்டி அனுப்பிய பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், "எப்பம்மா குத்துவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம் ஒரு போலீஸ்காரர். கை பஞ்சு மாதிரி, அதனால் பஞ்சு அக்கா. அது தேய்ந்து பஞ்சக்கா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் மிச்சம் இருக்கிறது.

வயது நாற்பத்தேழு. அதில் இருபத்தைந்து வருஷம் அடுத்தவர் நரம்பைத் தேடியே போனது. கல்யாணமான மூன்றாம் வருஷமே கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை குட்டி இல்லை. தங்கை வீட்டு மாடியில் ஓர் அறை, கீழே தங்கையோடு சாப்பாடு, காலை ஏழரைக்கு பஸ். சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு இருந்த ஒரே சொத்து அந்தக் கைக்கு இருந்த பெயர்தான். மனுஷிக்குப் பெயர் வந்துவிட்டால் பிடித்தது சனியன். அதற்குத் தினமும் தீனி போட வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் டாக்டரம்மா ஒருவர் அவளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் ரத்தத்தை ஆராய்கிறவர். சாப்பிட்ட சாப்பாட்டைச் சக்தியாக மாற்றுகிற வேலை இந்தக் குழந்தைகளில் சிலருக்கு உடம்புக்குள் வேறு மாதிரி நடக்கிறதோ என்பது அவருடைய சந்தேகம். அதற்கு ரத்தத்தில் ஏதாவது தடயம் கிடைக்குமா என்று ஏழெட்டுச் சாமான்களை அளந்து பார்ப்பார். அதில் முக்கியமானது லாக்டேட். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பஸ்ஸைப் பிடிக்கத் தலைதெறிக்க ஓடினால் ரத்தத்தில் ஏறுகிற சமாசாரம்தான் அது. ஓடாமல் சும்மா உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கும் அது ஏறியிருந்தால், ஏன் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் பஞ்சக்காவின் கை தேவைப்பட்டது. குழந்தை அழுது புரண்டு கையை உதறினாலே லாக்டேட் ஏறிவிடும். கையில் கட்டுகிற ரப்பர் பட்டையை ஒரு நிமிஷத்துக்கு மேல் விட்டு, குழந்தை விரல்களை முறுக்கிக்கொண்டே இருந்தாலும் ஏறும். அந்த எண் நோயைச் சொல்கிறதா, சண்டையைச் சொல்கிறதா என்று அப்புறம் எந்தக் கொம்பனாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு படிவம். அதில் இரண்டு கட்டங்கள். பட்டை கட்டியிருந்த நேரம் எவ்வளவு? குழந்தை அழுததா, ஆம் அல்லது இல்லை. ஆம் என்றால் அந்தக் குழந்தையின் ரத்தம் கணக்கில் சேராது.

பஞ்சக்காவுக்கு ஒரு வழி உண்டு. வெள்ளைக் கோட்டுப் போட மாட்டாள். பட்டையை முதலில் குழந்தையின் கையில் கொடுத்து, "எனக்குக் கட்டு பாப்போம்" என்று தன் கையை நீட்டுவாள். குழந்தை கட்டும், அவிழ்க்கும், மறுபடி கட்டும். முக்கால் மணி நேரம் ஆனாலும் காத்திருப்பாள். பிறகு ஒரே குத்து. லாக்டேட்டுக்கென்று இருக்கிற சாம்பல் மூடிக் குழாய் நிரம்பியதும் ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். தாயின் கைகூடப் படக்கூடாது என்று அலறுகிற பிள்ளைகள் இவளிடம் கையைக் கொடுத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

எல்லாக் குழந்தையும் அப்படி இருக்குமா? முதல் தடவை ஒரு பெண் குழந்தை இரண்டு விக்கல் விக்கியது. அவ்வளவுதான். அதற்கு ஆம் என்று போடுவதா? 'கொஞ்சம்' என்று எழுத அந்தக் கட்டத்தில் இடம் இல்லை. இல்லை என்று போட்டாள். அடுத்து வந்தது நாலு விக்கல். அதற்கடுத்து ஒரு பையன் நன்றாகவே அழுதான், ஆனால் குத்தி முடித்த பிறகுதானே அழுதான் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். இப்படி ஒவ்வொரு படியாக இறங்கினாள். பஞ்சக்காவிடம் குழந்தை அழுதது என்று அவள் கையாலேயே எழுதுவதா! அறுபத்து மூன்று படிவங்களிலும் இல்லை, இல்லை, இல்லை.

இப்போது ரேடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கையின் மகள், ஏழு வயது, ஒரே குழந்தை. ரேடியோ என்று பெயர் வைத்தது பஞ்சக்காதான். அந்தப் பெண் சொந்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் காதில் விழுந்ததை, விழுந்த குரலிலேயே, மாசக்கணக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்து என்றைக்காவது ஒலிபரப்புவாள். ஒருநாள் வீட்டுக்கு வந்த பெரியப்பா முன்னால் நின்றுகொண்டு, அச்சு அசல் அவள் அம்மாவின் குரலில், "ஐயோ, இந்த மனுஷன் உக்காந்தா எந்திரிக்க மாட்டாரே" என்றாள். பெரியப்பா எழுந்து போனவர்தான், அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தங்கை வெட்கத்தில் சுருண்டாள். பஞ்சக்கா சமையலறைக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் அந்த ரேடியோ அம்மா என்று கூப்பிட்டதில்லை. அடுத்தவர் வாக்கியத்துக்குள் அம்மா வரும், கூப்பிடுவதாக வராது. தங்கை ஏழு வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தாள். "ஒரே ஒரு தடவைக்கா. அப்புறம் ஜென்மத்துக்கும் பேசலைன்னாலும் பரவாயில்ல" என்பாள். அவள் கணவன் கப்பல் வேலையில், வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவன். ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் அவளிடம்தான் கேட்டார்கள்: குழந்தையோடு பேசினாயா, போனைக் கையில் கொடுத்துவிட்டாயா, மாசமாக இருக்கும்போது என்ன சாப்பிட்டாய். வாய்க்கு வந்ததைக் கேட்டார்கள். அவளும் ஏழு வருஷமாகப் பதில் தேடிக்கொண்டிருந்தாள்.

ரேடியோவையும் ஆராய்ச்சியில் சேர்க்கலாம் என்று சொன்னது பஞ்சக்காதான். "எங்கிட்ட அவ அழவே மாட்டா, பாருங்க" என்று டாக்டரம்மாவிடம் பெருமையாக வேறு சொல்லிவைத்தாள்.

அன்றைக்கு அந்த அறைக்குள் வந்த ரேடியோ, பெரியம்மாவைக் கையுறையோடு பார்த்ததும் பின்வாங்கினாள். வீட்டில் இருக்கிற பெரியம்மா வேறு, ஸ்பிரிட் வாசனை அடிக்கிற இந்தப் பெரியம்மா வேறு. பட்டையைக் கொடுத்தால் விட்டெறிந்தாள். சோதனைக்காக முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்து வெறும் வயிறு வேறு. மணி பதினொன்றே முக்கால். அந்தத் தொகுதி சாம்பிள்கள் பன்னிரண்டரைக்கு வண்டி ஏற வேண்டும். வழக்கப்படி அம்மாக்கள் வெளியே. தங்கை நடைவழிக் கோடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ரத்தத்தைச் சுழற்றுகிற மெஷின் பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்ததால் அங்கே ஒன்றும் கேட்காது.

காத்திருந்திருக்கலாம். இன்றைக்கு வேண்டாம் என்று அனுப்பியிருக்கலாம். ஆனால் சொந்தத் தங்கை மகளிடம் பஞ்சக்கா தோற்றாள் என்று ஆகிவிடுமே! உதவியாளன் மலையைக் கூப்பிட்டாள். பெயருக்கேற்ற உடம்பு அவனுக்கு. அவன் பிடித்தான், பயிற்சி நர்ஸ் ஒருத்தியும் பிடித்தாள். மூன்று குத்து தவறி நாலாவதில் ரத்தம் வந்தது. இருபது நிமிஷம். பட்டை எவ்வளவு நேரம் கட்டியிருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. ரேடியோ கடித்த கடியில் பஞ்சக்காவின் மணிக்கட்டில் பல் பதிந்தது. அன்றைக்கு அந்தக் குழந்தை என்ன கத்தினாள் என்பதைப் பற்றிப் பஞ்சக்கா அதற்கப்புறம் மலையிடம்கூடப் பேசவில்லை. ஊசி குத்திய இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, படிவத்தை நிரப்பச் சொன்னாள். மலை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் சொன்னபடியே எழுதினான். பட்டை ஒரு நிமிஷம். அழுததா? இல்லை.

மூன்று வாரம் கழித்து எண் வந்தது. இரண்டுக்குள் இருக்க வேண்டிய லாக்டேட் நாலு புள்ளி ஒன்று.

பஞ்சக்காவுக்கு அது எங்கிருந்து வந்த நாலு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று வாசல்படி ஏறினால், தங்கை அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ரத்தத்துல இருக்குக்கா. பாத்தியா? ரத்தத்துலயே இருக்கு. நான் ஒண்ணும் பண்ணல. நான் எதையும் தப்பா பண்ணல."

ஏழு வருஷத்தில் தங்கை முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து அன்றைக்குத்தான் பஞ்சக்கா பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மாடிக்குப் போனாள். அந்த நாளை வரவேயில்லை.

எண் ஏறியிருந்த குழந்தைகளுக்கு ஆராய்ச்சியின் அடுத்த கட்டம்: பன்னிரண்டு வாரம் மாவும் சர்க்கரையும் நீக்கிய சாப்பாடு, முட்டையும் எண்ணெயும் வெண்ணெயும் அதிகம், முடிவில் மறுபடி ரத்தம். இது சிகிச்சை இல்லை, சோதனைதான், எடை குறைந்தால் உடனே சொல்லுங்கள் என்று டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். தங்கை காதில் பாதிதான் ஏறியது. ரேடியோ உலகத்தில் ஐந்தே பொருள் சாப்பிடுகிறவள்: ரொட்டி, வட்ட பிஸ்கட், வேகவைத்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், நீலக் கோப்பையில் பால். ஐந்தும் போயிற்று. முட்டையைக் கண்டால் நாற்காலியோடு பின்னால் போனாள். பட்டினி கிடந்தால் தானாகச் சாப்பிடுவாள் என்று அலமாரிக்குப் பூட்டுப் போட்டாள் தங்கை. குழந்தை அந்தப் பூட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை விரலால் ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்கும். பஞ்சக்கா சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது. அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

ஐந்தாவது வாரம் பொறுக்க முடியாமல், தங்கை குளிக்கிற நேரம் பார்த்து ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தாள். ரேடியோ ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றிக் கொறித்துத் தின்றாள். அன்றைக்கே சாப்பாட்டு மேஜையில், முட்டைத் தட்டைப் பார்த்துக்கொண்டு, பஞ்சக்காவின் குரலில் அறிவித்தாள்: "சீக்கிரம் தின்னு, அம்மா வந்துடுவா."

தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா? அஞ்சு வாரம் நான் கல்லு மாதிரி மனசை வச்சிக்கிட்டு இருக்கேன். எல்லாத்தையும் கெடுக்கப் பாக்குறியா?"

"புள்ள இளைச்சுப் போறாடி."

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். நாலு புள்ளி ஒண்ணு! உன் கையால எடுத்த ரத்தம். உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தாள். தட்டில் கை கழுவிவிட்டு எழுந்தாள்.

டாக்டரம்மாவிடம் சொல்லவும் ஒருநாள் போனாள். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "வாங்க பஞ்சு. இதைப் பாருங்க. பத்துல நாலு பேருக்கு ஏறியிருக்கு. மத்தவங்க ஆராய்ச்சியில எல்லாம் குழந்தை அழுததால ஏறிச்சோன்னு ஒரு கேள்வி வரும். நம்மகிட்ட அந்தக் கேள்வியே கிடையாது. உங்க கைக்கு முதல் நன்றி போட்டிருக்கேன், கட்டுரையோட கடைசிப் பக்கத்துல." திரையில் அவளுடைய சொந்தப் பெயர் இருந்தது, எத்தனையோ வருஷம் கழித்து. "எதுக்கு வந்தீங்க?" என்று அவர் கேட்டபோது, "கையுறை தீர்ந்துபோச்சுங்க" என்றாள்.

பன்னிரண்டாவது வாரம் நெருங்க நெருங்க அவளுக்கு வேறொன்று உறைத்தது. இரண்டாவது தடவை ரத்தம் எடுக்கும்போது ரேடியோ அமைதியாக இருந்தால் எண் இறங்கும். இறங்கினால் சாப்பாடுதான் வேலை செய்தது என்பார்கள். அலமாரிப் பூட்டு ஆயுசுக்கும் தொங்கும், இன்னும் எத்தனை வீட்டு அலமாரியில் தொங்குமோ. குழந்தை திமிறினால் எண் ஏறும். ஏறினால் இன்னும் கறாராக இருக்க வேண்டும் என்பாள் தங்கை. எப்படிப் போட்டாலும் அடி குழந்தைக்குத்தான். நடுவில் தன் பொய் ஒன்றை எடுத்துவிட்டால் எல்லாம் சரிந்துவிடும் என்று தெரிந்தும், அதை மட்டும் தொட முடியாமல் பஸ்ஸில் போனாள், வந்தாள். மலைகூட ஒருநாள், "அக்கா, சொல்லிடலாமே" என்றான். "நீ உன் வேலையைப் பாரு" என்று எரிந்து விழுந்தாள்.

அந்த நாள் வந்தது. முதலில் எடை பார்த்தார்கள். இருபது கிலோவாக இருந்தவள் பதினேழரை. நடுவில் ஒரு தடவை எடை பார்த்ததில் ஒன்றரை குறைந்திருந்தபோது, தங்கை வீட்டுத் தராசில் சரியாக இருக்கிறது என்று மழுப்பியிருந்தாள். டாக்டரம்மாவின் முகம் மாறியது. "இது சரியில்லம்மா. எடுத்து முடிச்சதும் பேசணும்" என்று அவரும் உள்ளே வந்து நின்றார். தங்கையும் இந்தத் தடவை வெளியே போகவில்லை. "கடைசித் தடவைதானே, நான் கூட இருக்கேன்" என்றாள்.

ரேடியோ தானாகவே நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் கேட்காமலேயே கையை நீட்டினாள். அந்தக் கை குச்சியாக இருந்தது. "பாத்தீங்களா டாக்டர், எவ்வளவு அமைதியாயிட்டா!" என்றாள் தங்கை. அவள் கண் மினுங்கியது. பஞ்சக்கா பட்டையைச் சுற்றி முடிச்சை இழுத்தாள்.

முடிச்சு இறுகியதும் ரேடியோ பாட ஆரம்பித்தது. பஞ்சக்காவின் குரலில்.

"ஒண்ணுமில்லடா கண்ணு. ஒண்ணுமே இல்ல. கையைக் குடு. குடுடின்னா! மலை, காலைப் பிடி. இன்னும் இறுக்கி. பட்டையை அவுக்காத, நரம்பு போயிடும். வாயைப் பொத்து, வெளிய கேக்கப்போவுது."

பக்கத்தில் நின்றிருந்த மலை சுவரோடு ஒட்டிக்கொண்டான். குழந்தை மின்விசிறியைப் பார்த்தபடி, கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு குரலில் சொன்னாள். அது அந்த வீட்டில் யாருடைய குரலும் இல்லை. மெல்லிசாக, கரகரப்பாக, தங்கை ஒருநாளும் கேட்டிராத குரல்.

"அம்மா. அம்மா. அம்மா. அம்மா."

மறுபடி பஞ்சக்காவின் குரல்: "முடிஞ்சுது முடிஞ்சுது. மலை, ஒரு நிமிஷம்னு போடு. அழலைன்னு போடு."

பிறகு டாக்டரம்மாதான், எல்லாருக்கும் வழிவிடுகிற மாதிரி, "டிவியில எதையாவது கேட்டிருப்பா" என்றார். தங்கையும் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். அந்தப் பெயரும் பிழைக்கும், அந்த எண்ணும் பிழைக்கும். இந்தக் குழந்தை சொல்வதை யார் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்போகிறார்கள்?

பஞ்சக்கா பட்டையை அவிழ்த்தாள்.

"டிவி இல்லைங்க. அது நான்தான். அன்னிக்கு இவ இருபது நிமிஷம் அழுதா. மூணு பேர் பிடிச்சோம். அந்த நாலு புள்ளி ஒண்ணு அந்தச் சண்டையில வந்தது. இவ ரத்தத்தோடது இல்ல."

டாக்டரம்மா ஊசித் தட்டைப் பிடித்துக்கொண்டார். "இவ ஒருத்திதானா பஞ்சு?"

"இல்லைங்க. இன்னும் இருக்காங்க. எத்தனைன்னு உக்காந்து யோசிச்சாதான் தெரியும்."

தங்கை எதுவும் கத்தவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. குழந்தையின் தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அம்மான்னு கூப்பிட்டாளா?"

"ஆமா."

"எத்தனை தடவை?"

"நிறைய. நான் எண்ணல."

"நான் அங்கதான உக்காந்திருந்தேன். அந்த பெஞ்சுலதான உக்காந்திருந்தேன்." அதையே இரண்டு தடவை சொன்னாள். "மூணு மாசமா வீட்டுல எதிர்ல உக்காந்து சாப்பிடுற. இதைக்கூடவா சொல்லக் கூடாது?"

பஞ்சக்கா அவிழ்த்த பட்டையைச் சுருட்டித் தட்டில் வைத்தாள்.

ரத்தம் கொடுத்த குழந்தைகளுக்கென்று அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. தங்கை எழுந்துபோய் அதைத் திறந்து, வட்ட பிஸ்கட் ஒன்றை எடுத்து மகள் கையில் வைத்தாள். ரேடியோ முகர்ந்து பார்த்தாள். ஓரத்திலிருந்து சுற்றிக் கொறிக்க ஆரம்பித்தாள். முடிவதற்குள் தங்கை அடுத்ததை நீட்டினாள். மூன்றாவது பிஸ்கட்டோடு அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். தூக்குகிற எடையாகத்தான் ஆகியிருந்தாள். பஞ்சக்காவும் பையை எடுத்துக்கொண்டு பின்னால் எழுந்தாள்.

"நீ இரு. உனக்கு வேலை இருக்கு" என்று தங்கை திரும்பாமலேயே சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்டரம்மா அறுபத்து நாலு படிவங்களையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "ஒவ்வொண்ணா ஞாபகப்படுத்துங்க. தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க. எல்லாப் பெத்தவங்களுக்கும் நான்தான் போன் பண்ணணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். பக்கத்து அறையில் மெஷின் ஓடத் தொடங்கியது. வெளியே என்ன நடக்கிறது என்று இங்கே கேட்கவில்லை.

பஞ்சக்கா அடியிலிருந்து ரேடியோவின் படிவத்தை உருவினாள். ஒரு நிமிஷம் என்பதை அடித்து, தெரியாது என்று எழுதினாள். அடுத்த கட்டத்தில் மலையின் கோணல் எழுத்தில் இருந்த இல்லையை அடித்து, ஆம் என்று எழுதினாள். கட்டத்துக்குள் அதற்குமேல் இடம் இல்லை. படிவத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரத்து வெள்ளையில், அம்மா என்று கூப்பிட்டாள் என்று எழுதி, கீழே தன் சொந்தப் பெயரைப் போட்டாள்.